மருத்துவக் கல்லூரியைத் தேர்தல்: ஓர் ஆய்வு

சேலம், நாமக்கல் சமவெளியில் ஆண்டுதோறும் நீட் தேர்வின் முடிவு வெளியானதும் பல இல்லங்களில் ஒரே வினா எழுகிறது. தறியோட்டியும் லாரிப் பட்டறை நடத்தியும் கோழிப்பண்ணையில் உழைத்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெற்றோர்க்கு, மகனோ மகளோ அரசு மருத்துவக் கல்லூரியில் சேரும் அளவுக்கு மதிப்பெண் பெற்றுவிட்ட மகிழ்ச்சி ஒருபுறம். அம்மகிழ்ச்சி அடங்குமுன்னே, எந்தக் கல்லூரியின் பெயரை முதலில் எழுதுவது என்னும் கலக்கம் மறுபுறம். இடம் பெறுவது எப்படி என்பதைப் பற்றி நம்மிடையே எழுதப்பட்டவை ஏராளம். பெற்றபின் எங்குச் சேர்வது என்பதைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. பயிற்சியாண்டையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகளை ஓர் இளைஞர் எங்குக் கழிக்கிறாரோ அவ்விடமே அவர் எத்தகைய மருத்துவர் ஆகிறார் என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது. ஆதலின் அவ்வினாவை ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

தமிழ்த்துறை மலரில் மருத்துவக் கல்லூரிக்கு என்ன வேலை என வினவுவாரும் உளர். திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுகிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து அதனைக் கொடுப்பவர் என்பன அந்நான்கு. அவ்வரிசையில் நோயுற்றவரே முதலில் நிற்கிறார்; மருத்துவர் இரண்டாமவர். நாம் கூறவிருப்பதும் இவ்வரிசையை ஒட்டியதே. ஒரு கல்லூரியின் மருத்துவமனைக்கு எத்தகைய நோயாளிகள் வருகின்றனர், அவர்கள் அருகே மாணவர் எவ்வளவு நேரம் நின்று கற்க முடிகிறது என்பவற்றை முதலில் நோக்க வேண்டும். பெயரும் பெருமையும் அதன்பின் வரலாம்.

இப்பகுதி மாணவர்முன் இன்று திறந்திருக்கும் வாயில்கள் பல. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது 1986ஆம் ஆண்டில். அதற்கு முன்பெல்லாம் 1835இல் தோன்றிய சென்னை மருத்துவக் கல்லூரியையோ, 1954இல் தொடங்கிய மதுரைக் கல்லூரியையோ, 1966இல் தொடங்கிய கோவைக் கல்லூரியையோ நாடி நம் மாணவர் ஊர் கடந்து சென்றனர். பின்னர் 1992இல் பெருந்துறையில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் சார்பில் ஒரு கல்லூரி எழுந்தது. இன்று அஃது அரசுக் கல்லூரி. 2008இல் தருமபுரிக்கு ஒன்று வாய்த்தது. நாமக்கல்லோ 1997 சனவரி முதல் நாளில்தான் சேலத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. நெடுங்காலம் லாரிகளுக்குப் பெயர்பெற்றிருந்தும் தன் எல்லைக்குள் ரயில் வந்து நிற்பதைக் காண 2013 வரை காத்திருந்த நகரம் அது. அந்நகருக்கு 2022 சனவரி 12 அன்று, தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பெற்ற 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்று கிடைத்தது. தனியார் கல்லூரிகளும் சேலத்தில் உள. அவற்றில் கட்டணமே முதல் வினாவாகிவிடுவதால் அவை வேறோர் ஆய்வுக்கு உரியன.

சென்னை மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக்கு 250 இடங்கள்; சேலத்தில் 100; நாமக்கல்லிலும் 100. இவ்வெண்களுக்கு அப்பால் பெற்றோர் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. இம்மூன்றும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் அமைந்தவை. பாடத்திட்டம் ஒன்று, தேர்வுத்தாள் ஒன்று, பட்டமும் ஒன்று. சென்னையில் பயின்றவரின் சான்றிதழுக்கும் நாமக்கல்லில் பயின்றவரின் சான்றிதழுக்கும் சட்டத்தின்முன் ஏற்றத்தாழ்வு இல்லை. எனின், வேறுபாடு எங்கே இருக்கிறது?

அதனை விளக்க, 1985, 1986ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். நம் சமவெளியின் வாழ்வைப் பின்னாளில் ஆழமாகத் தொட்ட நிகழ்ச்சி அது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறைப் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் முதுநிலை மாணவியாகிய செல்லப்பன் நிர்மலாவிடம் ஓர் ஆய்வுத் தலைப்பை முன்வைத்தார். அந்நாளில் அமெரிக்காவில் பரவிவந்த எச்.ஐ.வி. கிருமி இங்கும் உளதா எனக் கண்டறிவதே அவ்வாய்வு. சென்னை பழைமை பேணும் நகரம், இங்கு அந்நோய் இராது என்றே பலரும் எண்ணியிருந்த காலம். மாணவி தயங்கினார், பேராசிரியர் விடவில்லை. நிர்மலா குருதி மாதிரிகளைத் திரட்டினார். அவற்றைச் சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. 1986 பிப்ரவரியில் மாதிரிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து இரவு ரயிலில் காட்பாடிக்கு எடுத்துச் சென்றார். இந்தியாவில் எச்.ஐ.வி. உள்ளது என்பது முதன்முதலாக அங்கு வெளிப்பட்டது.

வினா பிறந்தது சென்னையில்; விடை தெரிந்தது வேலூரில். அந்நோயின் சுமையைத் தாங்கிய ஊர்களுள் ஒன்று நாமக்கல். நெடுந்தொலைவு லாரி ஓட்டுநரும் அவர்தம் மனைவியரும் வாழும் இம்மாவட்டம், 1990களிலும் அதற்கடுத்த பத்தாண்டிலும் தமிழ்நாட்டில் மிகுதியாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றாக இருந்தது. மருத்துவக் கல்லூரிகளிடையே உள்ள வேறுபாட்டை இந்நிகழ்ச்சி நன்கு காட்டுகிறது. பழைய பெரிய கல்லூரியில் பாடநூலில் இல்லாத வினாவை மாணவர் கையில் கொடுக்கும் ஆசிரியர் இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி. சிறந்த ஆய்வுக்கூடமுள்ள கல்லூரியில் வினாவுக்கு விடை காணும் கருவி இருக்கும். மாவட்டத்துக் கல்லூரியிலோ, அந்நோயோடு வாழும் மனிதரே எதிரில் அமர்ந்திருப்பார். ஒரே கல்லூரி மூன்றையும் நிறைவாக அளிப்பது அரிது. தமக்கு இம்மூன்றில் எது முதன்மையாக வேண்டும் என்பதை மாணவர் ஓரளவேனும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

(வேலூரைப் பற்றி ஒரு சொல். அங்கு 100 இடங்களே உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி கிறித்துவச் சிறுபான்மையினர்க்கும் அவர்தம் மருத்துவமனைகளுக்குப் பணியாற்ற உறுதியளிப்போர்க்கும் உரியது. பொதுப்பிரிவில் இடம் கிடைத்தால் அது பேறு. அதனையே நம்பியிருத்தல் தகாது.)

கல்வியை இன்னும் நெருங்கிப் பார்ப்போம். மருத்துவ மாணவர்க்கு இருவகை ஆசிரியர். ஒருவர் பேராசிரியர். மற்றவர் ஓராண்டு, ஈராண்டு முன்னதாகச் சேர்ந்த மூத்த மாணவர். நரம்பில் ஊசி செலுத்துவது முதல், நள்ளிரவில் வரும் நோயாளியின் உறவினரிடம் எப்படிப் பேசுவது என்பது வரை பலவற்றைக் கற்பிப்பவர் இரண்டாமவரே. நாமக்கல் கல்லூரியில் முதல் அணியினர் சேர்ந்தபோது அவர்கட்கு மூத்தோர் எவருமிலர். முதுநிலை மாணவர் நிறைந்த சென்னையோடு ஒப்பிடின் இஃதொரு குறையே. மறுபுறம், 250 பேர் பயிலும் கல்லூரியில் பிரிவு பிரிவாகப் பகுத்த பின்னும் ஒரு படுக்கையைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். பின்வரிசையில் நின்று, முன்னிற்பவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தே ஆண்டுகளைக் கழித்துவிடும் கூச்சமுள்ள மாணவரும் உண்டு. சிறு கல்லூரியில் ஒளிந்துகொள்ள இடமில்லை. பேராசிரியர் பெயர் சொல்லி அழைத்து வினவுவார். கூச்சமுடையோர்க்கு அது நன்மருந்து.

சேலத்தின் நிலை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. கல்லூரி உருக்காலைச் சாலையில் இருக்க, மக்கள் ‘பெரியாஸ்பத்திரி’ என்றழைக்கும் மருத்துவமனை நகரின் நடுவில் உள்ளது. இரண்டிற்குமிடையே நாள்தோறும் சென்று வருவது மாணவர்க்குச் சுமை. ஆனால் அம்மருத்துவமனையின் வாயிலில் ஒரு மணிநேரம் நின்று பார்த்தவர் அதனைக் குறைத்து மதிப்பிடார். சேர்வராயன் மலையினின்றும் கல்வராயன் மலையினின்றும் வரும் மலைவாழ் தாய்மார், வயலில் பாம்பு தீண்டியோர், பூச்சிமருந்து குடித்தோர், நெடுஞ்சாலை விபத்தில் நசுங்கியோர், தறிக்கூடப் பஞ்சினால் மூச்சிரைப்போர், புளோரின் மிகுந்த நீரைக் குடித்துப் பல் பழுத்தோர் என வருவோர் பலதிறத்தர். 1992இல் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது சேலத்தில்தான் என்பதும் நினைக்கத்தக்கது. பிறந்த பெண்மகவு உயிர்பிழைப்பதே ஐயமாயிருந்த சூழலை இம்மண் கண்டிருக்கிறது. இங்கு மகப்பேறு வார்டில் பயிலும் மாணவர், உடற்கூற்றோடு இவ்வரலாற்றையும் அறிந்துகொள்ளாமல் இருக்க முடியாது.

இனி நகர வாழ்வு. பெரியோர் இதனைக் கேளிக்கை என்று ஒதுக்குவதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து உறைவிடப் பள்ளிகளில் ஈராண்டு முழுவதும் புத்தகத்தையும் விடுதிச் சுவரையும் மட்டுமே கண்ட பிள்ளை, பதினெட்டாம் வயதில் கடலைக் காண விரும்புவதில் தவறென்ன? கன்னிமாரா நூலகமும் அண்ணா நூற்றாண்டு நூலகமும் எழும்பூர் அருங்காட்சியகமும் மருத்துவருக்கு வேண்டாதவை அல்ல. சென்ட்ரல் நிலையத்தின் எதிரே நிற்கும் அம்மருத்துவமனையில் ஆந்திரத்திலிருந்து வருவோர் தெலுங்கு பேசுவர். அதுவும் ஒரு கல்வி. நகரம் தரும் வேறொன்றும் உண்டு. இராசிபுரம் கடைவீதியில் ஒரு பெண்பிள்ளை நடந்தால், அவள் யார் மகள் என்பது ஒவ்வொரு கடைக்காரருக்கும் தெரியும். நம்மை அறிந்தோர் நடுவில் வாழ்வது பாதுகாப்பு. அதுவே கண்காணிப்பும் ஆகும். ஏறத்தாழ 340 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னையில் எவருக்கும் தெரியாத ஒருத்தியாக நடந்து, தன் முடிவைத் தானே எடுத்துப் பழகியவர், பின்னாளில் அவசரப் பிரிவில் தனியே முடிவெடுக்க அஞ்சுவதில்லை. ஆயின் நகரத்தின் செலவையும் தனிமையையும் மறைத்துப் பேசுவது முறையன்று. முதலாண்டில் உடற்கூற்றியலில் தோல்வியுற்று, சொல்லியழ ஆளில்லாமல் விடுதி அறையில் முடங்கும் மாணவர் எல்லாக் கல்லூரிகளிலும் உளர். வீடு ஒருமணி நேரத் தொலைவில் இருப்போர்க்கு அந்நாள்கள் சற்று எளிதாகக் கழியும்.

எல்லாவற்றினும் நுட்பமானது உறவுணர்வு. இஃது என் இடம், இவர்கள் என் மக்கள் என்னும் உணர்வை அவ்வாறு குறிக்கிறோம். நம் சமுதாயத்தில் இது பற்றிய கவலை கூடுதலாகவே உண்டு. விடுதி உணவு, தொழுகைக்கு இடம், தலைமுக்காடு, உடன் பயில்வோருள் நம்மவர் எத்தனை பேர் என்றெல்லாம் பெற்றோர் கேட்கின்றனர். கேட்பது இயல்பே. 2007 முதல் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உள்ளது. அனைத்திந்திய ஒதுக்கீட்டுக்கு 15 விழுக்காடு போக எஞ்சும் இடங்களில் இதனைக் கணக்கிட்டால், 100 இடமுள்ள கல்லூரியில் ஏறத்தாழ மூவர். 250 இடமுள்ள சென்னையில் ஏழுவர். பொதுப் போட்டியில் வருவோர் இதற்கு மேல். ஆகவே வீட்டிற்கு அருகில் இருப்பதனாலேயே ஒரு கல்லூரியில் நம்மவர் மிகுந்திருப்பர் என எண்ணுவது கணக்குக்குப் பொருந்தாது. சென்னைக் கல்லூரியிலிருந்து திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் பேருந்தில் சிறுதொலைவே.

தூரத்துக் கல்லூரி வேண்டாம் என்னும் மறுப்பு பெரும்பாலும் மகளுக்கே சொல்லப்படுகிறது. அண்ணனுக்குச் சென்னை, தங்கைக்கு அருகிலிருப்பது என்பது நம் ஊர்களில் எழுதப்படாத விதியாகவே நிலவுகிறது. அவளது தரவரிசை உயர்ந்ததாயினும் அவ்விதி தளர்வதில்லை. இவ்விடத்தில் பெரியோர் ஒரு வரலாற்றை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஒருவர் மேரி ஷார்லிப் என்னும் ஆங்கிலேய அம்மையார். ஆண் மருத்துவரிடம் தம்மைக் காட்ட மறுத்துப் பேறுகாலத்தில் உயிர்விட்ட இந்நாட்டுப் பெண்டிரின் நிலை கண்டு அவர் மருத்துவம் பயில முன்வந்தார். பின் இலண்டன் சென்று மேலும் பயின்று திரும்பி, 1885இல் முகத்திரையிட்ட பெண்களுக்கென ஒரு மருத்துவமனை ஏற்படக் காரணமானார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை எனப் பெயர்கொண்டு, மக்கள் நாவில் இன்னும் ‘கோஷா ஆஸ்பத்திரி’யாகவே விளங்குவது அதுவே. கோஷாப் பெண்களின் தேவை ஒரு பெண்ணை அக்கல்லூரி வாயிலுக்குள் அழைத்துச் சென்றது. 1907இல் புதுக்கோட்டையிலிருந்து வந்து அங்குச் சேர்ந்த முத்துலட்சுமி அம்மையாரும் வீட்டையும் ஊரையும் விட்டுத்தான் வந்தார். அதே வாயிலில் நம் மகளிர் நுழையத் தகுதி பெற்றும், தூரம் என்னும் ஒரே காரணத்தால் தடுக்கப்படுவதை நம்மால் ஏற்க இயலவில்லை.

இவ்வாறு கூறுவதால் தூரம் செல்வதே சிறப்பு என்பது நம் கருத்தாகிவிடாது. இதன் மறுபக்கத்தை யாழ்ப்பாணத்து மானிப்பாயில் காணலாம். அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847இல் அங்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், உள்ளூர் இளைஞர்க்கு முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். ஆங்கிலம் கற்றவர் அரசுப் பணி நாடி ஊரைவிட்டு அகன்றுவிடுவர், தமிழில் பயின்றோர் தம் ஊர் மக்களிடையே தங்குவர் என அவர் கருதியது அம்மாற்றத்துக்கு ஒரு காரணம். எங்கு, எம்மொழியில் பயில்கிறோம் என்பது பின்னாளில் யாருக்கு மருத்துவராவோம் என்பதையும் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

மொழி பற்றிய இக்கருத்து இன்றைய வார்டுக்கும் பொருந்தும். பாடம் ஆங்கிலத்தில், நோயாளியின் முறையீடோ அவர்தம் ஊர்ப்பேச்சில். ‘மேலுக்கு முடியலைங்க’, ‘கிறுகிறுன்னு வருதுங்க’ என்று ஆத்தூர்ப் பக்கத்து மூதாட்டி கூறும்போது, அதன் பொருளும் அளவும் இவ்வட்டாரத்துப் பிள்ளைக்குக் கேட்டவுடன் விளங்கும். சேலம் நகரத்து முஸ்லிம் முதியவர் சிலர் உருதுவில்தான் நோவைச் சொல்வர். அதனை வீட்டில் பேசிய மாணவர் அங்கு மொழிபெயர்ப்பாளராகவே மதிக்கப்பெறுவார். அவருக்கு அவ்விடத்தில் உரிமை பிறப்பது இவ்வகையில்தான். 2019இல் மாற்றியமைக்கப்பட்ட பாடத்திட்டம் முதலாண்டிலேயே மாணவரை நோயாளியிடம் அழைத்துச் செல்கிறது. அதன்பின் வந்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் ஒவ்வொரு மாணவரும் கல்லூரியை அடுத்த கிராமங்களில் சில குடும்பங்களைப் பொறுப்பேற்றுத் தொடர்ந்து சென்று காண்கிறார். நாமக்கல்லிலும் சேலத்திலும் பயில்வோர் காணும் அக்குடும்பங்கள் பெரும்பாலும் நம் ஊர்ப்புறத்துக் குடும்பங்களே.

ஆதலின் நம் முடிவைச் சொல்லிவிடுகிறோம். ஆய்விலோ, அரிய சிறப்புத் துறையிலோ நாட்டமுடையவர், தனியே நிற்கும் திடமுடையவர், ஆணாயினும் பெண்ணாயினும், தரவரிசை இடம் தருமாயின் சென்னையை முதலில் எழுதலாம். இவ்வட்டாரத்திலேயே பணியாற்றும் எண்ணம் உறுதியாக உடையவர் சேலத்தை முதலில் எழுதுவதில் ஓர் இழுக்கும் இல்லை. அண்டை வீட்டார் ‘சென்னை கிடைத்தும் விட்டுவிட்டார்களே’ என்று வியப்பது ஒரு வாரம் நீடிக்கும். படிப்போ ஐந்தரை ஆண்டு. நாமக்கல்லைப் பொறுத்தவரை, புதிய கல்லூரியின் குறைகளை அறிந்தே சேர்பவர் நன்கு பயில்வர். வேறு வழியின்றி வந்ததாக எண்ணுவோர்க்கு அக்குறைகள் நாள்தோறும் பெரிதாகத் தோன்றும்.

முடிவெடுக்குமுன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பெற்றோரும் பிள்ளையும் சேலம் மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்குச் சென்று நிற்கட்டும். முடியுமாயின் வேறொரு நாள் சென்னைக்கும் சென்று அவ்வாறே காணட்டும். கட்டடத்தை நோக்காமல், வெள்ளை அங்கியணிந்த மாணவர் எங்கு நிற்கின்றனர் என்பதை நோக்க வேண்டும். பயிற்சி மருத்துவர் எவரேனும் தேநீர்க் கடையில் அகப்படின், எத்தனை மகப்பேறு தம் கையால் பார்த்தார், தையலிடக் கற்றது எந்த ஆண்டில், பேராசிரியர் படுக்கையருகே நின்று பாடம் சொல்கிறாரா எனப் பணிவோடு கேட்கலாம். மகளிர் விடுதிக்கும் வார்டுக்கும் இடையிலான தொலைவையும், இரவுப் பணி முடிந்து திரும்பும் வழியில் விளக்கு எரிகிறதா என்பதையும் தாயார் நேரில் நடந்தே பார்த்துவிடலாம்.

முன்னாளில் சென்னையில் நேரில் நடைபெற்ற கலந்தாய்வில், அழைக்கப்பெற்ற சில நிமிடங்களுக்குள் எஞ்சிய இடங்களைப் பார்த்து ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. இன்று இணையவழியில் விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்திப் பூட்டச் சில நாள் அவகாசம் கிடைக்கிறது. அந்நாள்களில் பட்டியலை மாணவரே தம் கையால் முதலில் ஒரு தாளில் எழுதட்டும். பெரியோர் அதன்மேல் கருத்துரைக்கட்டும். முதற்சுற்றில் ஓரிடம் பெற்று, மேற்பட்ட விருப்பத்துக்கு மாற்றம் கோருவோர் மறவாமல் கருதவேண்டியது: மாற்றம் கிடைத்தவுடன் பழைய இடம் வேறொருவருக்குப் போய்விடும். ஆகையால் ஊரார் பேச்சுக்காக ஒரு கல்லூரியின் பெயரைப் பட்டியலின் மேல்வரியில் எழுதிவைத்தல் ஆகாது. கிடைத்தால் மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட மனமுள்ள கல்லூரியை மட்டுமே அங்கு எழுத வேண்டும்.